அந்தச் சித்திரை முதல் நாள் காலை, நீங்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்தீர்கள்?

லோகோ ஒர்க்ஸ் வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நம் வடசென்னையில் கூடைப்பந்தைப் பின்தொடர்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் குறைந்த பேரில் பெரும்பாலோருக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு காலையைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

2016 ஏப்ரல் 14, வியாழக்கிழமை, சித்திரை முதல் நாள். அமெரிக்காவில் அது 13ஆம் தேதி இரவு. அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில், பருவத்தின் 82 ஆட்டங்கள் கொண்ட அட்டவணை அன்றோடு முடிகிறது. நமக்குக் காலை எட்டு மணிக்கு இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. லாஸ் ஏஞ்சலீஸில் லேக்கர்ஸ் அணிக்காக இருபது பருவங்கள் ஆடிய கோபி பிரையன்ட் தன் கடைசி ஆட்டத்தை உட்டா ஜாஸ் அணிக்கு எதிராக ஆடினார். ஓக்லாந்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணியைச் சந்தித்தது. அதில் வென்றால் 73 வெற்றிகள், அதாவது 1995-96இல் சிகாகோ புல்ஸ் எட்டிய 72 என்ற எண்ணைத் தாண்டிவிடலாம்.

எங்கள் வீட்டில் மடிக்கணினியில் லேக்கர்ஸ் ஆட்டமும், சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்த அலைபேசியில் வாரியர்ஸ் ஆட்டமும் ஓடின. அப்போது ஒரு ஜிபி டேட்டாவை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொண்டு காலம் தள்ளிய நாட்கள். எது எந்த நிமிடம் சுற்றிக்கொண்டு நிற்கும் என்று தெரியாது. அம்மா பச்சடிக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணல் அம்பேத்கரின் 125ஆவது பிறந்த நாள் என்பதால் தெருமுனையில் விடியற்காலையிலிருந்தே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. கோபி முதல் ஐந்து எறிதல்களையும் தவறவிட்டார். கையில் கத்தியுடன் வந்து நின்ற அம்மா, "ஐந்தும் போகவில்லையே, அப்புறமும் ஏன் அவரிடமே கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். அவருக்கு இன்று கடைசி நாள் அம்மா என்றேன். அதற்கு மேல் அம்மா எதுவும் கேட்கவில்லை. நறுக்குவதை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் பகுதியின் நடுவில் டேட்டா தீரப் போகிறது என்ற எச்சரிக்கை வந்தது. இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. நான் வாரியர்ஸை நிறுத்தினேன். அந்த முடிவால் ஒரு பெரிய வரலாற்று நிகழ்வை நேரலையில் பார்க்காமல் போனேன், இன்னொன்றைப் பார்த்தேன். 37 வயதுக்காரர் 60 புள்ளி எடுத்தார். நான்காம் பகுதியில் மட்டும் 23 புள்ளி. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் உட்டா அணி முழுவதும் சேர்ந்து எடுத்ததே 21 புள்ளிதான். ஆட்டம் 101க்கு 96 என்று முடிந்தது.

இத்தனை ஆண்டுகளாக வாரியர்ஸ் ஆட்டத்தின் முழுப் பதிவை நான் பார்த்ததில்லை. என் தேர்வு சரிதானா என்ற எண்ணமும் என்னை விட்டுப் போகவில்லை. நீங்கள் எதைப் பார்த்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

வண்ணை 30

அண்ணா, வணக்கம். என் பெயரில் இருக்கும் 30, வாரியர்ஸ் ஆட்டக்காரர் ஸ்டீபன் கறியின் சட்டை எண்; அதைப் பார்த்தாலே நான் எந்தப் பக்கம் என்பது புரிந்திருக்கும். நான் ஓக்லாந்து ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

73 என்ற எண்ணை ஒரே இரவின் சாதனையாகப் பார்க்கக்கூடாது என்பதே என் கருத்து. அந்த அணி பருவத்தைத் தொடர்ச்சியாக 24 வெற்றிகளுடன் தொடங்கியது. முதன்மைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடல் தேறாமல் முதல் 43 ஆட்டங்களுக்கு வரவே இயலவில்லை. உதவிப் பயிற்சியாளர் லூக் வால்டன் பொறுப்பேற்று அவற்றில் 39ஐ வென்று கொடுத்தார். ஏப்ரல் தொடக்கத்தில் பாஸ்டனிடமும் மின்னசோட்டாவிடமும் சொந்த மைதானத்திலேயே தோற்றபோது, இனி முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். அதன் பிறகு, அந்தப் பருவத்தில் சொந்த மைதானத்தில் ஒருமுறைகூடத் தோற்றிராத சான் அன்டோனியோவை ஏப்ரல் 10 அன்று அவர்கள் ஊருக்கே போய் வீழ்த்தி 72ஐத் தொட்டார்கள். அந்த 72ஐ முதலில் எட்டிய சிகாகோ அணியில் கெர் ஆட்டக்காரராக இருந்தவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். தான் இளமையில் பங்கேற்ற சாதனையைத் தன் பிள்ளைகளைப் போன்றவர்கள் முறியடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இனி ஸ்டீபன் கறி. ஒரு பருவத்தில் அதிக மூன்று புள்ளிகள், அதாவது தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி எறிதல்கள் என்ற சாதனை அதற்கு முந்தைய ஆண்டு அவரே போட்ட 286. அன்று காலை அவர் 392 என்ற எண்ணுடன் களம் இறங்கினார். 400ஐத் தொட எட்டு தேவைப்பட்ட இடத்தில் பத்து போட்டார். 46 புள்ளிகளை எடுத்துவிட்டு மூன்றாம் பகுதியுடன் பெஞ்சில் போய் அமர்ந்தார். மெம்பிஸ் அணி காயங்களால் நொறுங்கிப் போயிருந்தது என்பது உண்மை. அந்தப் பருவத்தில் மட்டும் அவர்கள் 28 பேரை மாற்றி மாற்றி இறக்க வேண்டியிருந்தது. 125க்கு 104 என்ற வெற்றியை நான் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் அந்த நானூறு எறிதல்களில் எத்தனையோ பந்துகள், யாரும் எறியத் துணியாத தொலைவிலிருந்து போனவை. பந்து கையை விட்ட உடனே திரும்பித் தன் பக்கம் ஓடத் தொடங்கிவிடுவார். விழுந்ததா என்று பார்க்கவும் மாட்டார். அதைப் பார்த்துவிட்டு மின்ட் பக்கம் இருக்கும் எங்கள் திடலில் நான் எறிந்த பந்துகளின் கணக்கு எனக்கே தெரியாது.

ராயபுரம் திடல்

தம்பிகள் இருவரும் எழுதியதை மகிழ்ச்சியுடன் படித்தேன். பதினைந்து ஆண்டுகளாக மாலை நேரத்தில் சிறுவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஊதியத்துக்காகச் செய்வதில்லை என்பதால் என் சொல்லில் கொஞ்சம் கண்டிப்பு இருந்தாலும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

கோபியின் அந்த ஆட்டத்தை நான் அன்று பார்க்கவில்லை. அடுத்த வாரம் என் திடலில் பார்த்தேன். கோடை விடுமுறையில் வந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் பந்தை வாங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு மூன்று பேருக்கு நடுவில் புகுந்து, பின்னால் சாய்ந்து எறியத் தொடங்கினார்கள். பக்கத்தில் ரிங்குக்கு அடியில் ஒருவன் தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பான். அவன் யாருடைய கண்ணிலும் படவில்லை. அவர் ஐம்பது முறை எறிந்தாரே சார் என்று என்னிடமே வாதாடினார்கள். 50 முறை எறிந்தவர் 28 முறை தவறவிட்டார் என்பதை யாரும் சொல்லவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த 21இல் விழுந்தவை வெறும் 6.

எங்கள் திடல் கடலுக்குப் பக்கம். நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று ஏறத் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது. கிழக்கு ரிங்கை நோக்கி எறிந்தால் பந்து குட்டையாக விழும். மேற்கு ரிங்கை நோக்கி எறிந்தால் போர்டுக்கும் மேலே போகும். ஆகவே நான் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத் தருவது போர்டில் அடித்துப் போடுவதை. நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில் நின்று, போர்டில் வரைந்த சதுரத்தின் மேல் மூலையில் பந்தை மெல்லப் பட வைத்தால், காற்று எவ்வளவு வீசினாலும் அது உள்ளே இறங்கும். இரண்டாவதாகக் கற்றுத் தருவது பாஸ். நல்ல வாய்ப்பு உன்னிடம் இருந்தாலும் உன்னைவிட நல்ல வாய்ப்பில் ஒருவன் நின்றால் பந்து அவனுக்குரியது. அந்தப் பருவத்து வாரியர்ஸ் அணி ஆட்டத்துக்கு ஏறத்தாழ 29 அசிஸ்ட், அதாவது இன்னொருவர் புள்ளி எடுக்க வழி செய்யும் பாஸ், செய்தது; பிள்ளைகள் அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால் என் வேலை எளிதாக இருந்திருக்கும்.

ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு விடைகொடுத்த இரவு என்பதை மதிக்கிறேன். ஆனால் பருவத்தில் 17 வெற்றி, 65 தோல்வி என்று தன் வரலாற்றிலேயே மிக மோசமான நிலையில் இருந்த ஓர் அணியில் ஒருவர் ஐம்பது முறை எறிவது, ஆட்டம் என்ற முறையில் நல்ல ஆட்டம் அல்ல.

காலடிப்பேட்டை ஆட்டக்காரி

ராயபுரம் திடல் ஐயா அவர்களுக்கு வணக்கம். உங்களைப் போன்றவர்கள் மாலை ஐந்து மணிக்கு வந்து நிற்பதால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஆட்டமே தெரியவந்தது. ஆகவே மறுப்பதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் பள்ளியிலும் கல்லூரியிலும் மாவட்ட அளவிலும் பாயிண்ட் கார்டாக ஆடியவள். பந்தைக் கொண்டு வந்து கொடுப்பதுதான் என் வேலை. அந்த வேலை செய்தவளின் கண்ணால் அந்த ஆட்டத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். நீங்கள் எறிந்தவரைப் பார்த்தீர்கள். நான் கொடுத்தவர்களைப் பார்த்தேன். ஜோர்டன் கிளார்க்சன், டி ஆஞ்சலோ ரஸ்ஸல், ஜூலியஸ் ராண்டில் எல்லோரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிள்ளைகள். அவர்களுக்கு அது அந்த அரங்கில் இன்னும் பல ஆண்டுகள் தங்களை நிலைநாட்டிக்கொள்ள வேண்டிய காலம். அன்று ஒவ்வொரு முறையும் பந்தை எடுத்ததும் அவர் எங்கே என்று தேடினார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்தங்கி வந்தால் காத்திருந்தார்கள். அவர் எறிவதற்கு இடம் பிறக்க வேண்டும் என்று தங்கள் உடம்பைத் தடுப்பாட்டக்காரரின் பாதையில் நிறுத்தி ஸ்கிரீன் போட்டார்கள். ஸ்கோர் ஷீட்டில் ஸ்கிரீனுக்கென்று கட்டம் கிடையாது, ஐயா. அந்த 60 புள்ளியில் எத்தனை தோள்பட்டைகள் இடிபட்டன என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நீங்கள் தனியாட்டம் என்று சொல்வதை நான் அந்தப் பருவத்தில் லேக்கர்ஸ் ஆடிய மிக ஒற்றுமையான ஆட்டமாகப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசி நிமிடத்தில் அவர் குதித்து எறியும் ஜம்ப் ஷாட் போட்டு 97க்கு 96 என்று முன்னிலை வந்தது. பிறகு, தடுப்பவர் யாரும் இல்லாமல் எறியும் ஒரு புள்ளி ஃப்ரீ த்ரோ இரண்டு; அவர் கணக்கு 59, 60. அதற்குப் பிறகும் அவர் கையில் பந்து வந்தது. இன்னும் இரண்டு புள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்று யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். அவர் தலையை உயர்த்திப் பார்த்தார். ரிங்குக்கு அருகில் ஓடிக்கொண்டிருந்த கிளார்க்சனுக்கு நீளமாக எறிந்து கொடுத்தார். கிளார்க்சன் துள்ளி எழுந்து அதை ரிங்குக்குள் அழுத்தி டங்க் செய்தார். இருபது பருவங்களில் அவர் கடைசியாகத் தொட்ட பந்து ஒரு பாஸ். உங்கள் பிள்ளைகளுக்கு அந்த முப்பது நொடிகளை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

கொருக்குப்பேட்டை மாணவன்

அக்கா, அண்ணா, ஐயா எல்லோருக்கும் வணக்கம். 2016இல் எனக்கு ஒன்பது வயது. அந்த இரண்டு ஆட்டங்களையும் பின்னாளில் பதிவாகத்தான் பார்த்தேன். கல்லூரியில் புள்ளியியல் படிப்பதால் எண்களைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லலாமா?

ஐயா சொன்ன 28 தவறுகள் சரி. ஆனால் விழுந்த 22இல் 6 மூன்று புள்ளிகள், மற்ற 16 இரண்டு புள்ளிகள். ஆக 50 புள்ளி. அதற்கு மேல் 12 ஃப்ரீ த்ரோவில் 10. எல்லாவற்றையும் சேர்த்து, ஃப்ரீ த்ரோவுக்குச் சென்ற வாய்ப்புகளையும் வழக்கமான முறையில் கணக்கிட்டால், ஏறத்தாழ 55 முயற்சிகளில் 60 புள்ளி கிடைத்திருக்கிறது. அதாவது ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புள்ளிக்குச் சற்று மேல். இது என்பிஏவில் ஒரு சராசரி ஆட்டக்காரரின் தரத்துக்குப் பக்கத்தில் வரும். மோசம் என்று சொல்லிவிட முடியாது, சிறப்பு என்றும் சொல்ல முடியாது. வியப்புக்குரியது வேறு. சராசரித் திறனை ஒருவர் பத்து முயற்சிகளுக்குத் தக்க வைக்கலாம். ஐம்பதுக்கு மேல், 42 நிமிடங்கள், 37 வயதில், அதுவும் அந்தப் பருவம் முழுவதும் 100க்கு 36 என்ற அளவில்தான் அவருக்குப் பந்து விழுந்து வந்த நிலையில் தக்க வைத்தது எப்படி என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கறியின் எண்கள் அதைவிட எவ்வளவோ சிக்கனமானவை. அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் மொத்தம் 1,077 மூன்று புள்ளிகள் போட்டது. என்பிஏவில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் அணி அதுவே. மூன்று புள்ளிக் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80இல். அந்த முதல் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. 2016க்குப் பிறகு ஆட்டமே அந்தக் கோட்டுக்கு வெளியே நகர்ந்துவிட்டது. ஆகவே அன்று ஒரே நேரத்தில் நடந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்று முடிந்துபோகும் காலத்தையும், இன்னொன்று தொடங்கும் காலத்தையும் காட்டின என்று எனக்குத் தோன்றுகிறது. கோபி கற்ற ஆட்டம் நடுத்தூரத்தில் முதுகைக் காட்டி நின்று, காலைத் திருப்பித் திருப்பி இடம் உண்டாக்கி எறியும் ஆட்டம். இன்று எங்கள் கல்லூரியில் அந்த இடத்திலிருந்து யாராவது எறிந்தால் பயிற்சியாளர் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்.

ராயபுரம் திடல்

தம்பி, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நடுத்தூர எறிதல் ஒழிந்துபோகவில்லை. இறுகிய ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடங்களில் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். அன்று கோபியை முன்னிலைக்குக் கொண்டு வந்ததும் கோட்டுக்கு உள்ளிருந்து போட்ட ஜம்ப் ஷாட்தானே?

காலடிப்பேட்டை அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஸ்கிரீன் பற்றி நீங்கள் சொன்னது என்னைத் தொட்டுவிட்டது. நானும் இளமையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சங்கத்துக்காக சென்டராக ஆடியவன். ஸ்கிரீன் போட்டே முழங்கால் தேய்ந்தவன். அதை நானே மறந்து எழுதிவிட்டேன்.

என் கோபம் முழுவதும் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் நான் எப்போதும் சொல்வது வேறொரு ஏப்ரல் இரவு. 2013 ஏப்ரல் 12. எதிரணி இதே கோல்டன் ஸ்டேட். இடது குதிகால் தசைநார் அறுந்தது. ஃபௌல் கிடைத்திருந்ததால் இரண்டு ஃப்ரீ த்ரோ அவர் கணக்கில் இருந்தன. அறுந்த காலுடன் கோட்டுக்கு நடந்து வந்து இரண்டையும் போட்டுவிட்டு, யார் தோளிலும் சாயாமல் உள்ளே போனார். ஃப்ரீ த்ரோவைச் சோம்பேறித்தனமாக எறியும் பிள்ளைக்கு நான் வேறு அறிவுரை சொல்வதில்லை. இந்தக் கதையைச் சொல்லி, பதினைந்து அடிக் கோட்டில் இருபது முறை எறியச் சொல்வேன். காலைத் தூக்கிக்கொண்டு எறியட்டுமா என்று கேட்ட பையனும் உண்டு.

வியாசை பின்களம்

நான் கால்பந்துக்காரன். வியாசர்பாடியில் வேறு எதைச் சொல்வது? ஆனால் என் மைத்துனர் கூடைப்பந்துக்காரர் என்பதால் இந்த இழையைப் படிக்க நேர்ந்தது. எனக்கு ஓர் ஐயம் மட்டும். அந்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அட்டவணையில் யாருக்காவது இடம் மாறியிருக்குமா?

வண்ணை 30

நல்ல கேள்வி. ஒன்றும் மாறியிருக்காது. வாரியர்ஸ் முதலிடத்தை முன்பே உறுதி செய்துவிட்டார்கள். லேக்கர்ஸ் எப்போதோ வெளியேறிவிட்டது. உட்டாவுக்கு மட்டும் அன்று காலை வரை ஒரு வாய்ப்பு இருந்தது. ஆனால் அவர்கள் களம் இறங்குவதற்கு முன்னரே ஹூஸ்டன் வென்று, அடுத்த சுற்றுக்குப் போகும் கடைசி இடமான எட்டாவது இடத்தைப் பிடித்துவிட்டதால் அதுவும் போயிற்று.

இன்னும் சொன்னால், வாரியர்ஸ் அந்த ஆட்டத்தை முழு மூச்சுடன் ஆடியிருக்கவே கூடாது என்று பிறகு வாதிட்டவர்கள் உண்டு. பிளே ஆஃப் என்னும் அடுத்த சுற்று தொடங்க மூன்று நாளே இருக்கும்போது முன்னணி ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு தந்திருக்கலாம், 73ஐத் துரத்தியதால்தான் இறுதியில் கால் தளர்ந்தது என்பார்கள். ஜூன் 20 திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ஏழு ஆட்ட இறுதிச் சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்த என் அணி ஏழாவது ஆட்டத்தில் கிளீவ்லாந்திடம் 93க்கு 89 என்று தோற்றதைப் பார்த்தேன். அன்று வேலைக்குப் போகவில்லை. அதன் பிறகும் சொல்கிறேன், அவர்கள் அந்த ஏப்ரல் இரவில் ஆடியது சரி. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வரும் வாசலில் நின்றுகொண்டு, நாளைக்குக் கால் வலிக்கும் என்று திரும்பிப் போக மனிதனால் முடியுமா?

வியாசை பின்களம்

விளக்கத்துக்கு நன்றி. அப்படியானால் எனக்கு இப்போது இரண்டும் புரிகின்றன. எங்கள் திடலில் ஞாயிறு தோறும் நடக்கும் ஆட்டத்துக்கும் கோப்பை கிடையாது, அட்டவணை கிடையாது. ஆனாலும் ஒரு கோலுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொள்கிறோம். அந்த நாட்டில் கோடிக்கணக்கில் ஊதியம் வாங்குபவர்களும் அப்படி ஓர் இரவு ஆடினார்கள் என்பதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

காலடிப்பேட்டை ஆட்டக்காரி

வியாசை அண்ணன் சொன்னதைத் தொடர்ந்து ஒரு நினைவு. 2020இல் குடியரசு நாள் முடிந்து நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும். கல்லூரித் தோழி அழைத்தாள். கோபி சென்ற ஹெலிகாப்டர் கலாபாசஸ் மலைப்பகுதியில் விழுந்துவிட்டது என்ற செய்தி. அவர் மகள் ஜியானா உட்பட அதில் இருந்த ஒன்பது பேரும் இறந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு வயது 13. கூடைப்பந்து ஆட்டத்துக்காகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பெண் பிள்ளையை நிக்கர் போட்டுத் திடலுக்கு அனுப்புவதற்குள் ஒரு தாய் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். உலகப் புகழ் பெற்ற ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு தன் மகளின் அணிக்குப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய ஆதரவாக இருந்தது என்று சொல்லி முடியாது. நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, இந்திய அணியின் தலைவியாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றபோது என் அம்மா அந்தச் செய்தித்தாளை வெட்டி வைத்தார். அதே கோப்பில் ஜியானாவின் படமும் இருக்கிறது.

அடுத்த நாள் மாலை எங்கள் திடலில் ஆட்டத்தைத் தொடங்கும்போது பந்தை வைத்திருந்த பெண், கோபியின் சட்டை எண்ணான 24ஐ நினைத்து, 24 நொடி அசையாமல் நின்றாள். எதிரணியும் அசையவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை. அமெரிக்காவில் அப்படிச் செய்ததை அவள் அலைபேசியில் பார்த்திருந்தாள். விசில் வைத்திருந்த அண்ணன் நொடிகளை வாய்விட்டு எண்ணினார்.

ராயபுரம் திடல்

எங்கள் திடலில் நான் அதைச் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காற்று இருக்காது. மேற்கு ரிங்குக்குப் புது வலை கட்டியிருக்கிறேன். ஆறு மாதமாக வெறும் கம்பியில் ஆடிய பிள்ளைகள், பந்து வலையில் உரசி இறங்கும் ஓசையைக் கேட்டு நேற்று ஒரு மணி நேரம் வீட்டுக்கே போகவில்லை. வரக்கூடியவர்கள் வாருங்கள். காலடிப்பேட்டை அம்மா கட்டாயம் வர வேண்டும்; ஸ்கிரீன் எப்படிப் போடுவது என்று நீங்களே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஏழாம் எண் பந்து இரண்டு இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஆறாம் எண் பந்து யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.

காலடிப்பேட்டை ஆட்டக்காரி

வருகிறேன் ஐயா. ஆறாம் எண் பந்து என்னிடம் ஒன்று இருக்கிறது. காற்று மட்டும் அடிக்க வேண்டும்.

லோகோ ஒர்க்ஸ் வாசி

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் எழுதிய பிறகு அந்தப் பழைய கடனை வைத்திருப்பது முறையல்ல என்று, நேற்று இரவு உணவு முடிந்ததும் வாரியர்ஸ் ஆட்டத்தின் முழுப் பதிவையும் உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வண்ணைத் தம்பி சொன்னது உண்மை. கறி எறிந்த பந்துகளில் சில கோட்டுக்கு இரண்டு அடி, மூன்று அடி வெளியிலிருந்து போயின. பந்தை வாங்குவதற்கு முன்பே அவர் கால்கள் எறிவதற்கான நிலையில் நிற்கின்றன என்பதை முதல் முறையாகக் கவனித்தேன். வாங்குவதும் விடுவதும் ஒரே அசைவு. ஒருவர் இன்னொருவருக்கு, அவர் மூன்றாமவருக்கு என்று பந்து கை மாறும் வேகத்தில் மெம்பிஸ்காரர்கள் ஒவ்வொரு முறையும் ஓர் அடி பிந்தியே வந்து சேர்ந்தார்கள். பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆட்டத்தில் இப்படி ஒன்றைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே என்று வருத்தமாக இருந்தது. இன்று அதேபோல் டேட்டா தீர்ந்தால் நான் எதை நிறுத்துவேன் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான்காம் பகுதி தொடங்கியபோது கறி பெஞ்சில் இருந்தார். வேலை முடிந்துவிட்டது, இனி அவர் எழ வேண்டியதில்லை. நான் பதிவை அப்படியே நிறுத்திவிட்டு லேக்கர்ஸ் ஆட்டத்தின் நான்காம் பகுதியை மடிக்கணினியில் போட்டேன். இரண்டு ஊர்களுக்கும் இடையில் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் இருக்கும் தொலைவுதான். ஒரு திரையில் 28 வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் திரையில் 37 வயதுக்காரர் இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக் குனிந்து மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் பந்தைக் கேட்டுக் கையை நீட்டினார்.

அம்மா இன்னும் விழித்திருந்தார். "இவர்தானே அன்றைக்குக் கடைசி நாள் என்றாயே, அவர்?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

ஞாயிறு காலை ராயபுரத்துக்கு நானும் வருகிறேன், ஐயா.